என் இடது காதை விசாரிக்க வந்த சவரிமுத்து சார்

சவரிமுத்து சார் போய்விட்டார்.

காலையில் செம்மங்குப்பத்துக்கு கம்பெனி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது சாரின் மகள் போன் பண்ணிச் சொன்னார். எப்போதும்போல் வலது காதில் வைத்துத்தான் கேட்டேன். இடது காது வேலை செய்யாது... அதை அப்படி ஆக்கியவரே சார்தான்.

பதறாதீங்க. நல்ல மனுசனைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கடலூர் பழைய டவுன் ஸ்கூலில் ஏழாம் வகுப்பு. சார் போர்டில் எழுதிக்கொண்டிருந்தார். நான் அவருக்குப் பின்னால் நின்று அவர் நடையை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். படிப்பில் வராத திறமையெல்லாம் எனக்கு அதில் வரும். பையன்கள் சிரித்துவிட்டார்கள். சார் திரும்பினார். ஒரே அறை.

காதுக்குள் ஒரு விசில் சத்தம்... அப்புறம் அதுவும் இல்லை.

சாயந்திரமே சார் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். அப்பா வழக்கம்போல, "இன்னும் ரெண்டு சேத்துப் போடுங்க சார், எங்களக் கேக்கவே வேணாம்" என்றார்.

"அப்படிச் சொல்லாதீங்க. கோவத்துல அடிச்சிட்டேன். புள்ளைக்குக் காது கேக்கல. தப்பு எம்மேலதான்."

சார் கைகூப்பி நின்றார். வாத்தியார் கும்பிட்டால் என்ன செய்வது என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

சிதம்பரம் ஆஸ்பத்திரிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு அலைந்ததும் சார்தான். கடைசியில் டாக்டர், இனி வராது என்று சொல்லிவிட்டார். திரும்பி வரும்போது புதுச்சத்திரம் வரைக்கும் சார் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதார். எனக்கோ ஸ்கூலுக்குப் போகாத சந்தோஷம்.

"ஏன் சார் அழுறீங்க?"

"சாமியார்கிட்ட தப்பச் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன்டா சேகரு. ஆண்டவரு மன்னிச்சிட்டாரு."

"அப்ப காது வந்துடுமா சார்?"

"மன்னிப்பு எனக்குடா. காது ஒன்னுது. நான் பண்ணது பண்ணதுதான்."

"அப்ப ஒங்க சாமி என்னதான் சார் பண்றாரு?"

சார் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "கூட வராரு. ஒங்கப்பாகிட்டப் போய் இத நான் சொல்லணும். எனக்குக் காலே ஓடல. இந்த பஸ்ல ஏத்தி உக்கார வெச்சதே அவருதான்."

நான் எழுந்து பின் சீட்டைப் பார்த்தேன். மீன்கூடையோடு ஒரு அக்கா மட்டும்தான் இருந்தார்.

ஸ்கூலில் சார் தானே போய் நடந்ததை எழுதிக் கொடுத்தார். ஹெட்மாஸ்டர், "புகாரே வரல, நீங்களா ஏன் சார் வாயக் குடுக்குறீங்க" என்று கேட்டாராம். சாரை மங்கலம்பேட்டைப் பக்கம் தூக்கிப் போட்டார்கள்.

ஆனாலும் வருசா வருசம் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று மாதா கோயிலில் பூசை முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். முதல் தடவை நெற்றியில் சாம்பலைப் பார்த்ததும் அப்பா முகமெல்லாம் சிரிப்பு.

"எந்தக் கோயில் விபூதி சார்? கொஞ்சம் குடுக்கறது."

"இது வேற கோயில்ங்க. சாம்பல் என்னமோ ஒண்ணுதான்."

ஒவ்வொரு வருசமும் ஒரே கேள்வி. "காது எப்படிடா இருக்கு?" நானும் ஒரே பதில். "அப்படியேதான் சார் இருக்கு." அதற்குமேல் நானும் பேச மாட்டேன். பெரியவரை எதற்கு நோகடிக்க வேண்டும் என்று.

எனக்குக் கல்யாணம் ஆன பிறகு ஒரு வருசம், சார் சந்தோஷப்படட்டுமே என்று, "இப்ப லேசாக் கேக்குது சார்" என்று ஒரு பொய்யை அடித்துவிட்டேன். சார் எழுந்து வந்து என் இடது பக்கம் நின்றார். கொஞ்ச நேரம் ஆனது. நானும் விவரமாகத் தலையாட்டி, "சரிங்க சார், ஆவட்டும் சார்" என்றேன்.

"நான் வாயே தொறக்கலடா."

என் மனைவி அடுப்படிக்குள் ஓடிப்போய்ச் சிரித்தாள். சாரும்தான் சிரித்தார். பிறகு, "எனக்காகப் பொய் சொல்லாதடா. உள்ளத உள்ளபடி சொல்லு. அதத் தாங்கறதுக்கு எனக்குத் தொணை இருக்கு" என்றார்.

போன மாதம் பார்க்கப் போனேன். படுக்கையில் இருந்தார். குரல் எழும்பவில்லை. குனிந்து கேட்டேன்.

"காது எப்படிடா இருக்கு?"

"சார்... நான் ஒங்கள மன்னிச்சி எத்தினியோ வருசமாச்சி. இன்னும் எதுக்கு சார் இதையே..."

"அது தெரியும்டா. நான் காதத்தான் கேட்டேன்."

அன்றைக்குத்தான் ஒழுங்காகப் பதில் சொன்னேன். மழைக்காலத்தில் சீழ் வைத்துவிடும். ரோட்டில் ஹாரன் எந்தப் பக்கம் அடிக்கிறான் என்று தெரியாது. பொண்ணு சின்ன வயசில் இடது பக்கம் படுத்துக்கொண்டு கதை கதையாகச் சொல்லும்... நான் சும்மா 'ம்' கொட்டுவேன்.

சாருக்குக் கண் கலங்கியது. என் கையை விடவில்லை.

"ம்... இன்னும் சொல்லு" என்றார்.

சொன்னேன்.

நாளைக்குச் சாயந்திரம் மாதா கோயிலில் அடக்கப் பூசை. பழைய பசங்க வாங்கடா.

நல்லபடியா போயிட்டு வாங்க சார்.