கிளச்சைத் தேடும் கால்

காசிராஜன் லாரியில் ஏறியதும் இடதுகால் செருப்பை மட்டும் கழற்றிவிடுவார். கேட்டால், "பிரேக்கு முரட்டுப்பய, செருப்போட மிதிச்சாத்தான் கேப்பான். கிளச்சு அப்படியில்ல, தோலு படணும்" என்பார். ராஜபாளையத்துப் பஞ்சாலையொன்றில் வெகுகாலமாக டீசல் லாரி ஓட்டுகிறவர்.

ஆலை முதலாளி ஞானதுரை துறைமுக ஏலத்தில் ஒரு ஜப்பான் பிக்கப் எடுத்துவந்தார். பெட்ரோல் வண்டி, கியர் தானாகவே மாறும், கிளச்சே கிடையாது. காசிராஜனுக்கு அன்று பிடித்தது சனி.

முதல் ஓட்டம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு. முதலாளியோடு, ஆலையில் கணக்கெழுதும் நானும் தொற்றிக்கொண்டேன். திரும்பும்போது முதலாளி மடியில் பால்கோவா. வண்டி வேகமெடுத்து இரைந்தது. லாரியென்றால் அந்தச் சத்தத்துக்கு எப்போதோ கியரை மாற்றியிருப்பார். "ஏலே, மாத்துலே! என்னா கத்து கத்துத!" என்று கியர்ப்பெட்டியை அதட்டினார். அது அசையவில்லை. பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றியிருந்த இடதுகால் கிளச்சைத் தேடிப்போய் பிரேக்கை ஓங்கி மிதித்தது. பால்கோவா முதலாளியின் மூக்குக்கண்ணாடியில் அப்பியது.

"நாளைக்கு ஒரு தடவ பாப்பேன். இன்னொருக்க குலுங்குச்சு, மதுரையிலருந்து ஆள் எடுத்து லாரியவும் சேத்து அவன்ட்ட குடுத்துருவேன்" என்றார் முதலாளி. காசிராஜன் முகம் செத்துப்போயிற்று. எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

துபாயில் தானாகக் கியர் மாறும் டீசல் லாரி ஓட்டும் காசிராஜனின் மச்சினன் வேலுசாமி விடுமுறையில் வந்திருந்தார். அவரிடம் விசாரித்துவிட்டு டீக்கடைக்கு வந்த காசிராஜன் எனக்கு விளக்கினார்: "டீசலுக்கு மெதுவா சுத்துறப்பவே, அடியிலயே இழுவ இருக்கு. அதனால அந்தப் பெட்டி கத்தவிடாம சட்டுனு அடுத்த கியருக்குப் போயிருமாம். பெட்ரோலு நல்லா சுத்துனாத்தான் இழுக்கும். அதான் கத்தவிட்டுப் பொறவு மாத்துது. வண்டி மேல தப்பில்ல. எல்லாம் இந்தக் காலு செய்யிற வேல."

மறுநாளும் ஸ்ரீவில்லிபுத்தூர்தான், நானும் உடன் போனேன். காசிராஜன் இடதுகாலில் செருப்பையும் மாட்டி, அந்தக் காலைத் துண்டால் இருக்கையின் அடிக்கம்பியோடு இறுகக் கட்டிக்கொண்டுதான் வண்டியை எடுத்தார். "இவன நம்ப ஏலாது மொதலாளி." வழியெல்லாம் எஞ்சின் கத்தியது, இவர் பல்லைக் கடித்துக்கொண்டார். துண்டு வெடுக்கு வெடுக்கென்று இழுபட்டது. முடிச்சு தாங்கிற்று. ஆலை வாசலில் வண்டி நின்றபோது முதலாளி பால்கோவாவை அணைத்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். விழித்ததும், "ரெண்டு வண்டியும் நீயே ஓட்டு" என்று இறங்கிப்போனார்.

காசிராஜன் துண்டை அவிழ்த்தார். மரத்துப்போன காலைத் தடவிக்கொடுத்து, "கோவிச்சுக்கிடாதலே, விடிஞ்சா லாரிதான்" என்றார். பிறகு செருப்பைக் கழற்றி, கிளச்சு இல்லாத வெறுந்தரையை ஒருதரம் மெல்ல மிதித்துவிட்டு இறங்கினார்.