வெள்ளைப் பம்பரில் ஒரு கை

கார் பம்பருக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலையில பெயிண்ட் அடிக்கிறது ரொம்பக் கொஞ்சம்தான். தேய்க்கிறது, தொடைக்கிறது, காயிற வரைக்கும் அது மூஞ்சியையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிறது, இதுதான் மிச்சம் பூராவும். போன்ல வீடியோவப் பாத்துட்டு, "அட, இம்புட்டுத்தானா, நம்மளே அடிச்சிரலாமே"ன்னு மொட்டை மாடியில எறங்கின புண்ணியவான்களே, புண்ணியவதிகளே, உங்களுக்குத்தான் இதச் சொல்றேன். உங்களுக்கும் பெயிண்ட் வழிஞ்சிருக்கும், தூசி ஒட்டியிருக்கும், ஈரத்துல கொசு உக்காந்து செத்திருக்கும். எனக்கும் அதெல்லாம் ஆச்சு. அதோட நின்னுருந்தா நான் ஏன் உங்க நேரத்தக் கெடுக்கப் போறேன்.

கொடியில தொங்குன வாய்

எங்க வீட்டுக்காரவுக உத்தமபாளையத்துல வாடகைக் கார் ஓட்டுறவுக. ஏலக்கா யாவாரிக, எஸ்டேட் ஆளுகன்னு குமுளிக்கு ஏத்திக்கிட்டுப் போறதுதான் பொழப்பு. வண்டி ஓடுனாத்தான் எங்க வீட்ல அடுப்பு எரியும். போன மழைக்காலத்துல ஒரு நா காலைல ஆள ஏத்தப் போனவுகளுக்கு, குமுளி மலைப்பாதையில மேகம் ரோட்டு வரைக்கும் எறங்கி, எதிர்ல ஒண்ணுமே தெரியலையாம். ஒரு வளைவுல, பானட்டு மேல ஒரு கை வந்துச்சாம். ஆள் தெரியல, மொகம் தெரியல, கை மட்டும். பிரேக்க மிதிக்கிறதுக்குள்ள கை வழுக்கிக் கீழ போயிருச்சு, டொக்குன்னு ஒரு சத்தம். எறங்கிப் பாத்தா ரோட்டுல ஆள் இல்ல, பள்ளத்துல ஆள் இல்ல, ஒரு சொட்டு ரத்தம் இல்ல. அவுகளே போலீசுல போயிச் சொன்னாக. போலீஸ்காரவுக வந்து தேடிப் பாத்துட்டு, மான் கீன் குறுக்க வந்திருக்கும், வீட்டுக்குப் போப்பான்னு அனுப்பிட்டாக. ஆனா பம்பரு நடுவுல கீறி உள்ள அமுங்கிக் கெடந்துச்சு.

அன்னையிலருந்து அவுக ஸ்டியரிங்கத் தொடல. வாசல்ல வண்டி, ஆணியில சாவி, பாயில ஆளு. அந்த ஒடசல் கண்ணுல படுற வரைக்கும் ஏற மாட்டேன்னுட்டாக. சரி, ஒடசல மறைச்சிட்டா ஏறித்தானே ஆகணும்? ஒர்க்ஷாப்புக்குக் கொண்டு போகலாம்னா அதுக்கும் அவுகதான் வண்டிய எடுக்கணும். எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு ஆங்காரம். தெருமுக்கு மெக்கானிக்கக் கூப்பிட்டுப் பம்பரக் கழட்டச் சொல்லி, கீறல சூட்டுக் கம்பியால உருக்கி ஒட்டவச்சு, மாடியில துணி காயப்போடுற கொடியில கம்பி போட்டுத் தொங்கவிட்டேன்.

கொடியில பம்பரு தொங்கி நீங்க பாத்திருக்கீங்களா? நடுவுல கம்பிவலை இருந்த எடம் பெரிய ஓட்டையா, மனுச வாய் தொறந்த மாதிரியே இருக்கும். நம்ம ஊருக் காத்து சும்மா இருக்குமா, அந்த ஓட்டைக்குள்ள புகுந்து ஊன்னு ஒரு சத்தம் வேற. பக்கத்து மாடியில வத்தல் காயப்போட வந்தாக மெர்சி டீச்சரு. அவுக சத்தத்துக்குப் பள்ளிக்கூடமே நடுங்கும். அவுகளே தட்டக் கீழ வச்சுட்டுச் சிலுவை போட்டுக்கிட்டு என்னையப் பாத்துச் சொன்னாக:

"ஏம்மா சுமதி, அத அந்தப் பக்கம் திருப்பிப் போடேன். என்னையத்தான் ஏதோ கேக்குது."

உரிஞ்சு வந்த தோல்

பிளாஸ்டிக்குக்குன்னே தனியா ஒரு பிரைமர் உண்டு, அத அடிக்காம மேல தங்கத்தக் கரைச்சு ஊத்துனாலும் ஒட்டாது. இது எனக்கு அப்பத் தெரியாது. வீட்டுக் கேட்டுக்கு அடிச்சு மிச்சம் கெடந்த பிரைமர அடிச்சு, மேல ஸ்ப்ரே டின்னுல வெள்ளைய அடிச்சேன். சாயங்காலம் பாத்தா பளபளன்னு இருக்கு, என் கண்ணே பட்டுரும் போல. காலைல போய்ப் பாத்தா ஓரத்துல ஒரு நுனி தூக்கிக்கிட்டு நிக்குது. சும்மா இருந்திருக்கலாம். நம்ம கை சும்மா இருக்குமா? புடிச்சு இழுத்தேன். இந்தக் கோடியிலருந்து அந்தக் கோடி வரைக்கும், பாம்புச் சட்டை மாதிரி, ஒரே உரியா உரிஞ்சு வந்துருச்சு.

அழுகையா வந்துச்சு. உரிஞ்சத அப்படியே சுருட்டி மஞ்சப் பையில போட்டுக்கிட்டு, பஸ்ஸு ஏறித் தேனியில பெயிண்டுக் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணே அத மேசையில விரிச்சாக. சிரிப்பாகன்னு நெனச்சேன், சிரிக்கல. தூக்கி வெளிச்சத்துல புடிச்சாக. நடுவுல ஓட்டை ஓட்டையா, பெயிண்டே புடிக்காத எடம். உள்ளங்கை ஒண்ணு, அதுக்கு மேல விரலு. நான் அதுவரைக்கும் அதக் கவனிக்கவே இல்லைங்க. அண்ணே அத மெதுவா மடிச்சுப் பையில வச்சுட்டுக் கேட்டாக:

"தங்கச்சி, தோலு உரியறதுக்கு மருந்து இருக்கு, தர்றேன். இந்தக் கை யாரோடது?"

வெள்ளைக்குள்ள சாம்பக் கலரு

ரெண்டாந்தடவ முறைப்படி செஞ்சேன். பாத்திரம் வெளக்குற சோப்பப் போட்டுக் கழுவி, தண்ணி தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாளால தேய்ச்சு, தின்னர் தொட்டுத் தொடைச்சு, தூக்கிக் கொடியில மாட்டி, அண்ணே குடுத்த பிளாஸ்டிக் பிரைமர சாம்பக் கலருல அடிச்சேன். காஞ்ச பெறகு தேய்ச்சுத் தொடைச்சு, வெளிச்சம் பாத்துத் திருப்பி வச்சு, மேல வெள்ளை. பட்டப்பகல், உச்சி வெயிலு, காத்துகூட நின்னு போயிருந்துச்சு. ஈர வெள்ளைய நான் பாத்துக்கிட்டே இருக்கேன், நடுவுல ஒரு புள்ளி விலகுது. பக்கத்துல இன்னொண்ணு. உள்ள இருக்கிற யாரோ பெயிண்ட மெல்ல ஒதுக்கிவிடுற மாதிரி, ஒவ்வொரு விரலா விலகி, வெள்ளைக்கு நடுவுல சாம்பக் கலருல ஒரு முழுக் கை வந்து நின்னுச்சு.

தேய்ச்சு எடுத்துட்டு மறுபடி அடிச்சேன். மறுபடியும் வந்துச்சு, அதே எடம், அதே சாடை. எங்க வீட்டுக்காரவுககிட்டச் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். ஆனா நான் படியில எறங்கி வந்த மொகத்தப் பாத்துட்டு, அத்தன நாளா எந்திரிக்காத மனுசன் எந்திரிச்சு மாடிக்குப் போயிட்டாக. ரொம்ப நேரம் பம்பரு முன்னாடி நின்னாக. சாப்பாடு போட்டேன், தட்டுல கையே வைக்கல. கேட்டதுக்குச் சொன்னாக:

"அது போகாது சுமதி, நான் இடிச்சது யாருன்னு தெரியுற வரைக்கும் போகாது."

மொத வாடிக்கை

இந்தக் கூத்துக்கு நடுவுல, நான் வீட்லயே பம்பருக்குப் பெயிண்ட் அடிக்கிறேன்னு ஊருக்குள்ள பேச்சு பரவி, வீரபாண்டியிலருந்து பால் வண்டிக்காரர் ஒருத்தர் பம்பரத் தோள்ல தூக்கிக்கிட்டே மாடி ஏறி வந்துட்டாரு. ஓரத்துல சின்னக் கீறல், அம்புட்டுத்தான். எனக்கோ வாராத வாடிக்கை வந்திருக்குன்னு சந்தோசம். மோர் குடுத்து உக்காரச் சொல்லி, செஞ்சு தர்றேண்ணேன்னு பெரிய கைக்காரி மாதிரிப் பேசிக்கிட்டிருக்கேன். மனுசன் மோர வாயில வச்சுக்கிட்டே எனக்குப் பின்னால பாத்தாரு. கொடியில எங்க பம்பரு, நடுவுல அந்தக் கை. டம்ளர வச்சாரு, பம்பர மறுபடி தோள்ல ஏத்துனாரு. ஏண்ணே, என்னன்னு கேட்டேன். படியில எறங்கிக்கிட்டே சொன்னாரு:

"இருக்கட்டும் தங்கச்சி. என் கீறலு எந்தச் செவுத்துல ஒரசுனதுன்னாச்சும் எனக்குத் தெரியும்."

கை அளவு

மறுநா கடைக்கார அண்ணனுக்குப் போன் போட்டேன். எண்ணெய்க் கை பட்ட எடத்துல பெயிண்ட் ஒட்டாம விலகிக்கிரும், பேயுமில்ல பிசாசுமில்ல, வீட்ல எவரோ தொடுறாக, யாருன்னு புடின்னாக. எனக்குப் பளிச்சுனு வெளங்கிருச்சு. வண்டி எடுக்கிற ஆளுக காலைல மொத வேலையா முன்பக்கத்தத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிருவாகள்ல? எங்க வீட்டுக்காரவுக தலைக்கு எண்ணெய் தேய்ச்ச கையோட அதச் செய்யிறவுக. வண்டி ஓட்டாட்டியும், எனக்குத் தெரியாம மாடிக்கு வந்து பம்பரத் தொட்டுக் கும்புட்டு மன்னிப்புக் கேட்டுக்கிட்டு இருக்காக, அதான். எனக்கு வந்த கோவத்துக்கு அவுகளக் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயி, கைய வைங்கன்னேன். தொடவே இல்லைன்னாக. நான் விடல. வச்சாக. அவுக கை பெருசு, அந்தக் கை அதுக்குள்ள காணாமப் போயிருச்சு. பக்கத்து மாடியிலருந்து மெர்சி டீச்சரு எட்டிப் பாத்தாக. அவுகளையும் வரச்சொன்னேன், ஜெபம் சொல்லிக்கிட்டே கைய வச்சுப் பாத்தாக. அவுக விரலு நீட்டம், சேரல.

அப்பறம் நான் வச்சேன். உறை போட்ட மாதிரி உக்காந்துருச்சு. சின்னப் புள்ளையில கதவிடுக்குல மாட்டி என் சுண்டு விரலு வெளிய கோணிக்கிட்டு இருக்கும். அந்தக் கோணலு உள்பட அப்படியே இருந்துச்சு. எனக்குச் சிரிப்புன்னா சிரிப்பு. பின்ன என்னங்க, காலைல எண்ணெய் வச்சுத் தலைய வாரிட்டு, தொடைச்சு முடிச்ச பம்பர நடுவுல ஒரு புடி புடிச்சுத் தூக்குறதும் திருப்புறதும் நான்தான். டீச்சரும் சிரிச்சுட்டாக. யாருன்னு தெரிஞ்சு போச்சுல்ல, இனி வண்டிய எடுங்கன்னு அவுகளத் திரும்பிப் பாத்தேன். அவுக சிரிக்கல. என் சுண்டு விரலையே பாத்துக்கிட்டு நின்னாக. டீச்சரு கீழ எறங்கிப் போன பெறகு மெதுவாச் சொன்னாக:

"அன்னைக்குப் பானட்டு மேல வந்த கையும் இதுதான்."

பக்கத்து சீட்டு

வண்டி இடிச்ச அன்னைக்குக் காலைல நான் வீட்ல இட்லி ஊத்திக்கிட்டிருந்தேன். ஜன்னல் வழியா டீச்சரோட பேசிக்கிட்டே ஊத்துனேன், டீச்சரே சாட்சி. இதையெல்லாம் அவுகளுக்கு எடுத்துச் சொன்னேன். நீ வீட்லதான் இருந்த, எனக்குத் தெரியும்னுதான் அவுகளும் சொன்னாக. ஆனா என் கையப் பாக்கும்போதெல்லாம் அவுக கண்ணு வேற எங்கயோ போயிரும். எனக்கே ராத்திரி சோறு பெசையும்போது என் விரலப் பாக்கக் கூசுச்சு. சொல்றதுக்கென்ன, பயம்தான்.

கடைசியா ரப்பர் உறை மாட்டிக்கிட்டுத் தேய்ச்சு, தொடைச்சு, தூக்கி, அடிச்சேன். வெள்ளை வெளேர்னு, கல்யாண வீட்டு வேட்டி மாதிரி வந்துச்சு; ஒரு புள்ளி விலகல. மெக்கானிக்கு மாட்டிக் குடுத்தாரு. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வச்சோம். அவுக முன்பக்கத்தத் தொட்டுக் கும்புட்டுட்டு, கதவத் தொறந்து உக்காந்து, சாவியப் போட்டாக. இஞ்சின் சத்தத்தக் கேட்டதும் எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. ஆனா வண்டி நகரல. எட்டி, பக்கத்து சீட்டுக் கதவத் தொறந்துவிட்டாக. நானெதுக்கு, எனக்கு வேலை கெடக்குன்னேன். அதுக்கு அவுக, கணக்கு வாத்தியாரு மாதிரி நிதானமாச் சொன்னாக:

"நீ வண்டிக்குள்ள இருந்தா ரோட்டுல நிக்க மாட்டேல்ல? ஏறு."

இருக்கியா

அப்படித்தான் நான் வாடகைக் காருல கூடப்போற ஆளானேன். சமவெளியில ஒண்ணும் இல்ல, கூடலூர் தாண்டுற வரைக்கும் பாட்டுக் கேட்டுக்கிட்டு வருவாக. மலை ஏற ஆரம்பிச்சதும் பாட்ட நிறுத்திருவாக. ஒவ்வொரு வளைவுலயும் ரோட்டவிட்டுக் கண்ண எடுக்காம, இருக்கியாம்பாக. நான் இருக்கேம்பேன். மத்தவுகளுக்கு இது பைத்தியக்காரத்தனம், எங்களுக்கு இதுதான் சோறு. வண்டி ஓடுது, அடுப்பு எரியுது, அவுக சாப்பிடுறாக, தூங்குறாக. நானும் அந்தக் கை சமாச்சாரத்த மறந்துரலாம்னுதான் பாத்தேன்.

போன வாரம் குமுளிக்காரர் ஒருத்தர், வயசாளி, கம்பம் டவுன்ல வண்டியில ஏறுனாரு. அவரு பைய நான்தான் வாங்கி டிக்கியில வச்சேன், மலையாளத்து மரியாதையில என்னைய அக்காவாக்கி, சேச்சி நல்லாருக்கணும்னு கும்புட்டாரு. பின்னாடி சீட்டுல சாஞ்சவரு அப்பவே தூங்கிட்டாரு. நான் முன்னால ஏறுனத அவரு பாக்கல. மலையில பாதி போகையில, பகல்லயே மேகம் எறங்கி மூடிருச்சு. எனக்குச் சீட்டு முதுகு தலைக்கு மேல நிக்கும், பின்னாலருந்து பாத்தா நான் இருக்கிறதே தெரியாது. அந்த வளைவு வந்துச்சு. இருக்கியான்னாக. இருக்கேன்னேன். வண்டி வளைவத் தாண்டுச்சு, ஒண்ணும் இல்ல, எனக்கு அப்பத்தான் மூச்சே வந்துச்சு. பின்னாடி பெரியவரு முழிச்சு, ஜன்னலத் தொடைச்சு வெளிய எட்டிப் பாத்துட்டு, எங்க வீட்டுக்காரவுக தோளத் தட்டுனாரு:

"சேட்டா, கொஞ்சம் நிறுத்துங்க, சேச்சி அங்கன ரோட்டோரமா நிக்கிறாக, ஏத்தாம வந்துட்டீகளே."

வீட்லயே பம்பருக்குப் பெயிண்ட் அடிக்கப் போறவுகளுக்கு என்னால சொல்ல முடிஞ்சது இம்புட்டுத்தான்: மொத நாளே கையுறை மாட்டிக்கங்க, பெயிண்ட்ல விழுந்த கை யாரோடதுன்னு தெரிஞ்சுக்கிற வேலையே உங்களுக்கு வராது.