கல்லரவத்தை எழுப்பியவர்

எங்கள் குழுவுக்குள் அவர் வந்தது மழை பிடித்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். வந்து உட்கார்ந்ததுமே எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. போகப் போகத்தான் வெறுப்பு வந்தது என்று சொல்லி என்னை நியாயமானவளாகக் காட்டிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

நான் பதுளை பஜாரில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறேன். ஞாயிறு பின்னேரங்களில் நாங்கள் நாலு பேர், பிள்ளைகள் வகுப்பு முடிந்து போன பிறகு, ஒரு டியூட்டரியின் மேல்மாடியில் கூடி விளையாடுவோம். ஒருவர் கதை சொல்வார். மற்ற மூவரும் அந்தக் கதைக்குள் ஆளுக்கு ஒருவராக வாழ்வோம். ஏதாவது ஒன்று நடக்கும், கதை சொல்பவர் நிறுத்தி, இப்போது என்ன செய்வீர்கள் என்று கேட்பார். நாங்கள் சொல்வோம். சொன்னது கைகூடுமா என்பதை இருபது முகமுள்ள ஒரு கட்டையை உருட்டிப் பார்ப்போம். பேயும் பாம்பும் மந்திரமும் நிறைந்த உலகம் அது. வளர்ந்தவர்கள் விளையாடுகிற விளையாட்டா இது என்று கேட்கிறவர்கள் உண்டு. அவர்கள் ஞாயிறு முழுக்க போனைத் தடவிக்கொண்டிருப்பதைப் பற்றி நான் எதுவும் கேட்பதில்லை.

கதை சொல்பவர் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து இங்கேயே தங்கிவிட்ட அரசாங்க எழுத்தர். அவரை நாங்கள் ஐயா என்போம். டியூட்டரியில் விஞ்ஞானம் படிப்பிக்கும் டீச்சர் கொஸ்லந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். கதையில் அவர் மருத்துவச்சி. நான் முன்னால் போய் வேவு பார்க்கிறவள். மூன்றாமவர் லுணுகலைத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்து பதுளையில் ஆட்டோ ஓட்டுபவர், என்னைவிட மூத்தவர், எங்களுக்கு அண்ணன். கதையில் கேடயம் தாங்குகிறவர் அவர்தான்.

அண்ணனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவருடைய மனைவி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன வருடம்தான் அவர் எங்களோடு சேர்ந்தார். வெளியில் ஆள் பேசவே மாட்டார். பொலிஸ்காரர் கையைக் காட்டினால் போதும், செய்யாத குற்றத்துக்கும் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார். கதைக்குள் அதே மனிதர் ஒரு ராஜாவின் சபையில் நின்று, பஞ்சத்தில் தானியத்தைப் பூட்டி வைப்பது அநியாயம் என்று பேசினார். அன்று டீச்சர் தேநீரைக் கீழே வைத்துவிட்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு ஞாபகம். அந்தக் கேடயக்காரனை அவர் வருடக்கணக்காக வளர்த்திருந்தார்.

புதியவர் ஒரு காப்புறுதிக் கம்பனியின் கிளைக்குக் கொழும்பிலிருந்து வந்தவர். முப்பது தாண்டியிருக்கும். ஐயாவின் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தார். இந்த விளையாட்டைப் பற்றி நிறைய வீடியோ பார்த்திருக்கிறேன் என்று ஐயாவிடம் சொல்ல, ஐயா மகிழ்ந்துபோய்க் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வெல்வெட் பைக்குள்ளிருந்து மினுங்குகிற சொந்தக் கட்டைகளை எடுத்து மேசையில் பரப்பினார். என்னை அக்கா என்றார். தன்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்த அண்ணனை, பார்த்த மாத்திரத்தில் மச்சான் என்றார். டீச்சர் கொண்டு வந்த பருப்பு வடையைக் கேளாமலே எடுத்துக்கொண்டார்.

அவருடைய ஆள் யார் என்று ஐயா கேட்டார். அரசை இழந்த இளவரசனாம். இரண்டு கையிலும் இரண்டு வாளாம். தாய் தகப்பனைக் கொன்றவனைத் தேடி அலைகிறானாம். இதைச் சொல்லி முடிக்க அவருக்கு அரை மணித்தியாலம் எடுத்தது. அந்த இளவரசனுக்குப் பயம் என்பதே தெரியாது என்று இரண்டு தடவை சொன்னார். பயம் தெரியாத ஆளோடு மலைப்பாதையில் பஸ்ஸில் போய்ப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை புரியும்.

அவர் வந்த நேரத்தில் நாங்கள் கதையில் ஒரு முக்கியமான இடத்தில் இருந்தோம். மலையடிவாரத்தில் ஒரு கிராமம். அதன் ஒரே ஊற்று ஒரு குகைக்குள் இருக்கிறது. ஊற்றைச் சுற்றிக் கல்லரவம் படுத்திருக்கிறது. தோலெல்லாம் பாறையான பாம்பு அது. இரும்புச் சத்தம் கேட்டால் மட்டும் விழிக்கும். இதைக் கண்டுபிடிக்கவே எங்களுக்குப் பல வாரம் போனது. அதன் பிறகு எங்களிடமிருந்த இரும்பையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றினோம். நான் அம்பு முனைகளை எலும்புக்கு மாற்றினேன். அண்ணன் தன்னுடைய இரும்புக் கேடயத்தைக் கிராமத்துத் தலைவனிடம் ஒப்படைத்துவிட்டு, தோல் போர்த்திய மரப்பலகை ஒன்றைக் கையில் எடுத்தார். சத்தமில்லாமல் உள்ளே போய் ஊற்றின் வாயைத் திறந்துவிட்டு வருவது திட்டம்.

இதையெல்லாம் டீச்சர் புதியவருக்குப் பொறுமையாக விளக்கினார்.

"வாளை வெளியில வச்சிட்டுத்தான் வரணும். உள்ள ஒரு சின்னச் சத்தம்கூடக் கேக்கக் கூடாது."

"சரி சரி, எனக்கு விளங்குது" என்றார். போனில் ஏதோ பார்த்துக்கொண்டே சொன்னார்.

குகைக்குள் போனோம். நான் முன்னால், டீச்சரின் மருத்துவச்சி நடுவில், அண்ணன் பின்னால், இளவரசன் கடைசியில். ஊற்றின் வாயிலிருந்த கல்லை டீச்சர் பாதி நகர்த்திவிட்டார். தண்ணீர் கசியும் சத்தத்தை ஐயா மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது புதியவர் நாற்காலியை விட்டு எழும்பினார்.

"நான் ரெண்டு வாளையும் உருவி ஒண்டோட ஒண்டு அடிக்கிறேன். வா, வந்து மோதிப் பாரு என்று கத்துறேன்."

ஐயா தண்ணீர்ச் சத்தம் சொல்வதை நிறுத்தினார்.

"வாளை வெளியில வச்சிட்டு வரேல்லையோ?" என்று ஐயா கேட்டார்.

"இளவரசன் வாளைக் கீழ வைக்க மாட்டான், அங்கிள். அது அவன்ட கேரக்டர்."

ஐயா பெருமூச்சு விட்டார். "அரவம் முழிச்சிட்டுது. என்ன செய்யப் போறியள்?"

நான் ஓடினேன். ஊற்றடியில் நின்ற டீச்சருக்கு ஓடித் தப்ப நேரம் போதவில்லை. அண்ணன் அவசரப்படவே இல்லை.

"நான் டீச்சருக்கு முன்னுக்கு நிக்கிறேன் ஐயா" என்றார். "அவங்க வெளிய போற வரைக்கும் நகர மாட்டேன்."

கட்டையை உருட்டினார். இரும்புக் கேடயமாக இருந்திருந்தால் அந்த எண் போதும். கையில் இருந்தது மரப்பலகை. ஐயா கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நினைத்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம், ஆனால் அண்ணன் அவரிடம் அப்படி ஒன்றை எதிர்பார்க்கவில்லை. கேடயக்காரன் அந்தக் குகைக்குள்ளேயே செத்துப் போனான். டீச்சர் தப்பினார். இளவரசனும் தப்பினான், ஏனென்றால் அரவம் வருவதைக் கண்டதும் முதலில் வெளியே பாய்ந்தது அவன்தான்.

அண்ணன் தன் ஆளின் விபரம் எழுதிய தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்தார்.

"என்ன எல்லாரும் செத்த வீடு மாதிரி? கேம் தானே" என்றார் புதியவர். "மச்சான், புது ஆள் ஒண்டு செய்யுங்க. இத விட ஸ்ட்ராங்கா."

அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் நான் போட்டிருக்கும் சத்தத்துக்கு டியூட்டரியை எங்களுக்கு மறுபடி தந்திருக்க மாட்டார்கள்.

அடுத்த ஞாயிறு அண்ணனும் வந்தார். சும்மா பார்க்கத்தான் வந்தேன் என்று சுவரோரம் உட்கார்ந்தார். கதையில் கிராமம் தண்ணீரில்லாமல் கிடந்தது, அரவம் குகை வாசலிலேயே விழித்திருந்தது. நானும் டீச்சரும் மலைக்கு மறுபக்கம் வேறு ஊற்றுத் தேடலாமா என்று பேசிக்கொண்டிருந்தோம். புதியவருக்குப் பொறுக்கவில்லை.

"திரும்பவும் உள்ள போவம். இந்த முறை நான் முன்னுக்கு. நீங்க பின்னால வாங்க."

டீச்சர் என்னைப் பார்த்தார். நாங்கள் முன்கூட்டி எதுவும் பேசி வைத்திருக்கவில்லை.

"நான் வரல" என்றேன்.

"நானும் கிராமத்திலேயே இருக்கிறேன்" என்றார் டீச்சர்.

"அப்ப நீங்கள் தனியத்தான்" என்றார் ஐயா. "போறியளோ?"

போகாமல் இருக்க அவரால் முடியாது. பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் முன்னால் பின்வாங்க அவருக்குத் தெரியவில்லை. அது துணிச்சல் என்று அவர் நினைத்திருந்தார். மினுங்கும் கட்டை உருண்டு இரண்டில் நின்றது. மேசை ஆடிவிட்டதாம், இன்னொரு தடவை உருட்டுவேன் என்றார். ஐயா தலையாட்டவில்லை. வீடியோவில் வேறு மாதிரி விதி இருக்கிறது என்று போனை எடுத்துக் காட்டினார். ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் பார்த்துவிட்டு, "இது அவையின்ர விளையாட்டு. எங்கட கதையில உங்கட இளவரசன் செத்துப்போட்டான் தம்பி" என்றார்.

கேம் தானே என்று போன வாரம் சொன்ன மனிதரின் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். எனக்கு இரக்கம் வரவில்லை. தன் ஆள் செத்தால்தான் சாவு என்று நினைக்கிறவரைப் பார்த்து இரக்கப்பட என்னிடம் மிச்சம் ஒன்றும் இல்லை.

"தோட்டத்து ஆக்களோட விளையாட வந்தது என்ட பிழை" என்று சொல்லிக்கொண்டே கட்டைகளைப் பைக்குள் அள்ளினார். கதவை அடித்துவிட்டுப் போனார். வெளியே நல்ல மழை. குடை கொண்டு வந்திருக்கவில்லை.

அண்ணன் எழும்பி ஆட்டோச் சாவியை எடுத்தார்.

"எங்க போறீங்க?" என்று கேட்டேன்.

"நனைஞ்சிருவாருல்ல."

"அவர் சொன்னது காதுல விழலயா?"

"விழுந்திச்சி" என்றார். "தோட்டத்து ஆள்தானே நான். அதுல என்ன இருக்கு."

திரும்பி வந்தபோது அவருடைய தலையெல்லாம் ஈரம். இனாமாகவா கொண்டுபோய் விட்டீர்கள் என்று நான் பாய்ந்தேன். "இல்ல, மீட்டர் போட்டுத்தான் ஓட்டினேன்" என்றார் சாதாரணமாக. ஐயா வாய்விட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மனிதரை நடக்க விட்டிருக்க வேண்டும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

பிறகு அண்ணன் புது ஆள் ஒன்றைச் செய்தார். சண்டைக்காரன் வேண்டாம் என்றுவிட்டார். கிராமத்தில் தண்ணீர் சுமக்கிற ஒரு விதவை. பெண்ணாக விளையாட வெட்கமாக இல்லையா என்று டீச்சர் சீண்டினார். "அவளுக்குத்தான் அந்த மலையில எங்க ஈரம் இருக்குனு தெரியும்" என்றார். மறுபக்கத்து ஊற்றை நாங்கள் கண்டுபிடித்தது அவளால்தான். கண்டுபிடிக்க மாதங்கள் ஆயின, யாரும் சாகவில்லை.

போன மாதம் அந்தக் காப்புறுதிக்காரர் நான் வேலை செய்கிற கடைக்கு வந்தார். அவரோடு வேலை செய்கிற ஒருவரும் வந்திருந்தார். கடையில் கூட்டம் இருந்ததால் அவர் என்னைக் கவனிக்கவில்லை, அல்லது கவனிக்காத மாதிரி நின்றார். ஏதோ பேச்சில் விளையாட்டைப் பற்றி அந்த நண்பரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இங்கே ஒரு குழு இருந்ததாம். எல்லாரும் பயந்தாங்கொள்ளிகளாம். ஒரு பெரிய பாம்பைத் தான் தனியாகவே போய் வெட்டிப் போட்டாராம். அதற்குப் பிறகு அந்தக் குழுவில் சுவாரஸ்யம் இல்லாமல் போய்விட்டதாம்.

நண்பர் வியந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் திருத்தவில்லை. திருத்த வேண்டுமென்றால் அந்த மனிதரை ஒரு பொருட்டாக மதிக்க வேண்டும். அவர் கேட்ட வயிற்றெரிவு மாத்திரையை உறையில் போட்டு, சாப்பாட்டுக்கு முன் ஒன்று என்று எழுதி நீட்டினேன்.

"தேங்க்ஸ் அக்கா" என்றார்.

அடுத்த ஆளின் மருந்துத் துண்டை வாங்கிப் பார்க்கத் தொடங்கினேன்.