ஜெஸீமா மாற்றிப் போட்ட தண்டுகள்

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்குக் கீழேயுள்ள பட்டறையில், முதுகில் சுமந்து பயிருக்கு மருந்தடிக்கும் டாங்கிகளுக்குப் பம்பு பூட்டுகிறார்கள். நான் ஊர் ஊராக அலையப் போனபோதும் அக்கா போல் நான் ராத்தா என்று கூப்பிடும் ஜெஸீமா அங்கேதான் வேலை செய்தார். திரும்பி வந்தபோதும் அதே வாங்குப் பலகையில்தான் இருந்தார்.

சாமான்களின் விலை ஏறிய பிறகு மஷூர் முதலாளி பம்புக்குள் ஓடும் தண்டையும் அது நுழையும் குழாயையும் மலிவாக வாங்கத் தொடங்கினார். ஒன்றின் அளவில் இன்னொன்று இல்லை. தடித்த தண்டுகளைப் பக்கத்து வாங்கில் நாகேஸ்வரியக்கா எமரித் தாளால் தேய்த்துக் கொடுப்பார். மெலிந்தவை குழாயில் ஆடி மருந்தை ஒழுகவிடும், அதனால் குப்பைக்குப் போகும்.

ராத்தாதான் எல்லாத் தண்டுகளையும் தடிப்புப் பார்த்து மூன்று பேசின்களில் பிரித்தார். பெரிய குழாய்க்குப் பெரிய தண்டு, சிறியதற்குச் சிறியது. வீசுவது நின்றது, தேய்ப்பதும் குறைந்தது. முதலாளி சந்தோஷத்தில் எல்லோருக்கும் புரியாணி எடுத்துக் கொடுத்தார். சாப்பிடும்போதே, அடுத்த மாதம் தேய்க்க ஆள் தேவைப்படாது என்றும் சொன்னார். நாகேஸ்வரியக்கா பார்சலை மூடி வைத்துவிட்டார்.

மறுநாளிலிருந்து ராத்தா நடுப் பேசின் தண்டுகளில் சிலவற்றை எடுத்துச் சிறிய பேசினில் போட்டார். அவை சிறிய குழாயில் இறுகும், தேய்க்க அக்காவிடம் போகும். இதைப் படிக்கட்டில் நின்று, களவெடுத்தவரைப் போல என்னிடம் சொன்னார்.

வேலை குவிய, அக்கா அவசரமாகத் தேய்த்ததில் சில தண்டுகள் மெலிந்துபோயின. கற்பிட்டித் தோட்டமொன்றிலிருந்து பம்புகள் திரும்பி வந்தன. மருந்து ஒழுகி ஒருவரின் முதுகு வெந்திருந்தது. முதலாளி நாகேஸ்வரியக்காவைக் கூப்பிட்டு, மாதம் முடியும்வரை இருக்க வேண்டாம், இன்றைக்கே போகலாம் என்றார்.

ராத்தா எழும்பினார். “நாந்தான் முதலாளி தண்ட மாத்திப் போட்டது. அக்காக்கு வேல இருக்கட்டும் எண்டு.”

முதலாளியை முந்திக்கொண்டு அக்கா கேட்டார்: “நான் உன்னட்டப் பிச்சை கேட்டனானா? அந்தப் பிரிக்கிற வேலையை எனக்கும் காட்டித் தந்திருக்கலாமே.”

முதலாளி அந்த யோசனையைப் பிடித்துக்கொண்டார். அக்காவை ராத்தாவின் வாங்கில் இருத்தினார், ராத்தாவைத் தேய்க்க விட்டார். அக்கா ஒன்றும் பிழையாகப் பிரிப்பதில்லை. அதனால் ராத்தாவுக்குத் தேய்க்க அதிகம் வருவதில்லை. கை சும்மா இருக்கும்போதுதான் அந்த முதுகு ஞாபகம் வருகிறதாம்.

வருகிற வெள்ளி லீவு எடுத்துக் கற்பிட்டிக்குப் போகிறார். அந்த மனிதருக்கு என்ன கொண்டுபோகலாம் என்று என்னிடம் கேட்டார்.