மேற்குச் சூலமும் சுதா வீட்டில் நின்ற பையும்

முருகனை நம்பியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் இதைச் சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சென்ற மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை, என் மகள் உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாமல் நான் மொன்றியலில் அலைந்தேன். கையில் போன். அதில் ஒரு சத்தமும் இல்லை. கார்டேரியில், அதாவது பிள்ளைகள் காப்பகத்தில், நான் பார்க்கும் சின்னப் பிள்ளைகளுக்கு அன்று சாப்பாடு கொடுத்தேனா என்பதுகூட நினைவில்லை. அழக்கூட முடியவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். என் கணவருக்கு மேற்குப் பைத்தியம். டோர்வல் விமான நிலையத்தில் பொதி ஏற்றுகிற வேலை. போருக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடிய நாளிலிருந்து அவருக்கு ஒரு இடத்தில் கால் தரிக்காது. இங்கு வந்த பிறகும் வீடு மாறும் போதெல்லாம் கொஞ்சம் மேற்கே தள்ளித்தான் மாறுவார். அப்படித்தான் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவுக்கு வந்து சேர்ந்தோம். அதுவும் போதவில்லை. தூர மேற்கே எட்மன்டனில் இருக்கும் சிநேகிதர் ஒருவர், அங்கே சுற்றிவரப் பெரிய வளவோடு வீடு மலிவு, இங்கேபோல வேலைக்குப் பிரெஞ்சுச் சோதனையும் இல்லை என்று சொல்லிச் சொல்லி அவரைக் கிளப்பிவிட்டார். நானும் லேசுப்பட்டவள் இல்லை. "மேற்கே எங்களுக்கும் ஒரு வளவு தா அப்பனே" என்று வெள்ளிக்கிழமைதோறும் கோயிலில் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

எங்கள் ஒரே மகள் அபிராமிக்குப் பதினேழு வயது. சின்ன வயதிலிருந்தே சீனி வருத்தம். இன்சுலின் இல்லாமல் அவளால் வாழ முடியாது. வாயும் சும்மா இருக்காது. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு அப்போது இந்த நாட்டின் சரித்திரம் நடந்துகொண்டிருந்தது. கனடா பிறந்து சில வருடங்கள்கூட ஆகாத நேரத்தில், தெற்கே இருக்கிற பெரிய அயலவன் முந்திக்கொள்வான் என்ற பயத்தில், மேற்கே கண்ணுக்கெட்டாத நிலத்தையெல்லாம் தோல் வியாபாரம் செய்த ஒரு கம்பனியிடமிருந்து வாங்கினார்களாம். ரயில் பாதை போட்டார்களாம். வந்து உழுகிறவனுக்குக் காணி சும்மா என்று கடல் கடந்து விளம்பரம் செய்தார்களாம். அங்கே முன்பே வாழ்ந்த சனங்களை ஒதுக்குக் காணிகளுக்குள் தள்ளி, பிள்ளைகளையும் பிடுங்கி விடுதிப் பள்ளிகளில் அடைத்தார்களாம். இதையெல்லாம் குசினி மேசையில் இருந்து தகப்பனுக்குச் சொன்னாள்.

"அப்பா, வெறுங்காணி எண்டு அங்க ஒண்டும் இருக்கேல்லை. ஆக்கள் இருந்தவை" என்றாள்.

நாங்கள் காசு கொடுத்துத்தானே வாங்கப் போகிறோம் என்று அவர் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. ஊரில் எங்கள் பக்கத்திலும் சும்மா கிடக்கிற காடு என்று சொல்லித்தான் அரசாங்கக் குடியேற்றம் வந்தது. என் மாமாவின் வயல் அதில்தான் போனது. ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் வளவு வேண்டுமே.

மார்ச் விடுமுறையில் தகப்பனும் மகளும் காரில் போய் வீடு பார்த்து வருவதாக முடிவாயிற்று. அவருக்கு லீவு கிடைத்தது ஞாயிறு தொடங்கி. பஞ்சாங்கத்தைப் பார்த்தால் ஞாயிறு மேற்கே சூலம், அந்தப் பக்கம் பயணம் ஆகாது. சர்க்கரைக் கட்டி வாயில் போட்டுக்கொண்டு புறப்பட்டால் தோஷமில்லை என்பார்கள். சீனி வருத்தக்காரியை வைத்துக்கொண்டு அந்தப் பரிகாரம் எப்படிச் செய்வது? அதனால் பரஸ்தானம் வைப்போம் என்றேன். நல்ல நாளில் ஒரு பையை வழியிலுள்ள ஒரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், பயணம் அன்றைக்கே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. மறுநாள் போகும்போது அதை எடுத்துக்கொண்டு போகவேண்டியதுதான்.

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில், மொன்றியல் தீவின் மேற்கு நுனியில், என் சிநேகிதி சுதா இருக்கிறாள். சனிக்கிழமை காலை நல்ல நேரம் பார்த்து அவள் வீட்டில் பையை வைத்தேன். பயணத்துக்கு மிக முக்கியமானதுதான் முதலில் புறப்பட வேண்டும் என்று, அபிராமியின் இன்சுலின் பெட்டியையும் அதற்குள்ளேயே வைத்தேன். சுதா பெட்டியைப் பிரிட்ஜுக்குள் வைத்தாள். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஞாயிறு காலை, பனி வரப்போகிறது என்று ரேடியோ சொன்னதும் என் கணவர் மகளை ஏற்றிக்கொண்டு பறந்தார். அந்த அவசரத்தில் பையை மறந்து, சென்ட்-ஆனில் இறங்கவே இல்லை. பின்னேரம் சுதா போன் எடுத்தாள். "அக்கா, பை இஞ்சயே நிக்குது. அவை வரேல்லையோ?" என்றாள். உடனே இவருக்குப் போன் எடுத்தேன்.

அப்போது அவர்கள் ஒன்டாரியோவின் வடக்கே ஒரு மோட்டலில் இருந்தார்கள். அபிராமியின் கையிலிருந்த ஊசிப் பேனாவில் மறுநாள் மத்தியானம் வரைக்கும்தான் மருந்து இருந்தது. "ஏன் பதறுறீர்? நாளைக்குத் தண்டர் பே டவுனில வாங்குவன்" என்றார் இவர். பக்கத்து மருந்துக்கடை காலையில் திறக்கும்வரை நில்லுங்கோ என்று கெஞ்சினேன். பனிக்கு முந்த வேண்டும் என்று விடியவே காரை எடுத்துவிட்டார். திங்கள் மத்தியானம் ஒரு செய்தி வந்தது, கடும் பனி, வழியை மூடுகிறார்கள் என்று. அதன் பிறகு ஒன்றும் வரவில்லை.

அவர்கள் போன ஏரிக்கரைப் பாதையில் ஊருக்கும் ஊருக்கும் இடையே காடுதான். பொலிசுக்குப் போன் எடுத்தேன். பாதை மூடியிருக்கிறது, திறந்ததும் பார்ப்போம் என்றார்கள். வேலையிலிருந்து வீட்டுக்கு வந்து, பிறகு எதற்கு வந்தேன் என்று தெரியாமல் மறுபடி காரை எடுத்தேன். சுதா வீட்டுக்குப் போய் அந்தப் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். அங்கேயும் இருக்க முடியவில்லை. பையையும் எடுத்துக்கொண்டு மாலைப் பூசைக்குக் கோயிலுக்குப் போனேன்.

அன்று முருகனிடம் தேவாரம் பாட வரவில்லை. சண்டைதான் வந்தது. உன்னை நம்பித்தானே நாளும் கோளும் பார்த்தேன், இப்படியா செய்வாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரத்தில் சண்டையும் ஓய்ந்துபோனது. "வளவு வேண்டாம் அப்பனே. வீடும் வேண்டாம். என்ர பிள்ளையை ஆரிட்டையாவது ஒப்படைச்சு விடு" என்றேன். யாரிடம் என்று நான் சொல்லவில்லை. சொல்ல அந்தக் காட்டில் எனக்கு யாரையும் தெரியாது.

செவ்வாய் காலை தெரியாத நம்பரிலிருந்து போன். அபிராமியின் குரல். "அம்மா, நான் சுகமா இருக்கிறன்" என்றாள். இன்னொருதரம் சொல்லு என்று கேட்டேன்.

நடந்தது இதுதான். பாதை மூடியதும் கார்களையெல்லாம் ஒரு பெட்ரோல் நிலையத்துக்குத் திருப்பியிருக்கிறார்கள். லைட் இல்லை, போன் கோபுரமும் வேலை செய்யவில்லை. அபிராமி ஓங்காளித்துச் சத்தி எடுக்கத் தொடங்கி, மூச்சு வாங்கியிருக்கிறாள். அப்போது மேரி என்று ஒரு பெண் டிரக்கில் வந்து, அகப்பட்டவர்களையெல்லாம் தங்கள் ஊர் மண்டபத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறார். அது ஆதிக்குடிகளின் ஒதுக்குக் காணி. மகளைப் பார்த்ததுமே இது சீனி வருத்தம் என்று மேரிக்கு விளங்கிவிட்டதாம். அவருடைய தம்பிக்கும் அதேதான். பக்கத்திலேயே அவர்களுடைய சின்ன வைத்திய நிலையம். தாதி பனிக்குள் நடந்து வந்து, நிலையத்துப் பிரிட்ஜிலிருந்த இன்சுலினைப் போட்டு, இரவு முழுவதும் அவளுக்குப் பக்கத்திலேயே இருந்தாராம்.

மறுநாள் என் கணவர் மேரியின் கையைப் பிடித்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் வந்து இடைஞ்சல் தந்துவிட்டோம், மன்னியுங்கள் என்றிருக்கிறார். எங்கே போகிறீர்கள் என்று மேரி கேட்க, மேற்கே காணி பார்க்க என்று இவர் சொன்னாராம். மேரி சிரித்திருக்கிறார். காணி பார்க்க மேற்கே போனவர்கள் இந்த வழியாக நிறையப் பேர் போயிருக்கிறார்கள், நின்று மன்னிப்புக் கேட்டது நீதான் என்றாராம். அதை இவர் எனக்கு இரண்டு தரம் சொன்னார். யாருடைய காணியைச் சும்மா என்று சொல்லிப் பறித்தார்களோ, அவர்கள் மிச்சமிருந்த இடத்தில் என் பிள்ளைக்குப் பாய் விரித்திருக்கிறார்கள். ஆரிட்டையாவது என்று நான் கேட்டதற்கு முருகன் சொன்ன பதில் அதுதான்.

பாதை திறந்ததும் என் கணவர் காரைக் கிழக்கே திருப்பினார். வரும் வழியில் சென்ட்-ஆனில் மறக்காமல் இறங்கினார். பையை அக்கா திங்கட்கிழமையே கொண்டுபோய்விட்டா என்று சுதா சொன்னாளாம்.

ஆடி மாதம் மூவருமாக மேரியைப் பார்க்கப் போனோம். வெள்ளிக்கிழமை, மேற்கே சூலம்தான். பரஸ்தானம் வைக்கவில்லை. நானும் இவரும் ஆளுக்கொரு துண்டு சர்க்கரை வாயில் போட்டுக்கொண்டோம், அபிராமி எங்களைப் பார்த்துச் சிரித்தாள். நான் சுட்ட பருத்தித்துறை வடையை மேரி விரும்பிச் சாப்பிட்டார். பின்னேரம் ஏரிக்கரையில் நிற்கும்போது, இன்னும் மேற்கே போய்ப் பார்ப்போமா என்று இவரைச் சும்மா சீண்டினேன்.

"இவ்வளவு தூரம் காணும்" என்றார். இருபத்தைந்து வருடத்தில், போதும் என்கிற அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

உங்களில் யாராவது இன்று போனைப் பார்த்தபடி தவித்துக்கொண்டிருந்தால், முருகனிடம் சண்டை பிடித்தாவது கேளுங்கள். அவன் தருவான். யாருடைய கையால் என்பதை அவனிடமே விட்டுவிடுங்கள். அந்தக் கையை வழியில் கண்டால் நின்று கும்பிடுங்கள். இப்போது வெள்ளிக்கிழமைகளில் நான் வளவு கேட்பதில்லை. மேரியின் பெயருக்கும் அவர் தம்பி பெயருக்கும் அருச்சனை செய்விக்கிறேன். முதல் நாள் ஐயர் நட்சத்திரம் கேட்டார், தெரியாது என்றேன். பரவாயில்லை, அவருக்குத் தெரியும் என்று ஐயர் உள்ளே முருகன் பக்கம் கையைக் காட்டினார்.