வாலுவுக்கு விஷம் வைத்தது யார்?

போல்ட்டுக்கு அடியில் போடும் இரும்பு வளையம், அதாவது வாஷர், செய்யும் பட்டறையில் இருபத்திரண்டு வருடமாக அவர்தான் தரம் பார்ப்பவர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பதால் 'விளக்கெண்ணெய்' என்றே அவருக்குப் பெயர் விழுந்துவிட்டது. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனால் அவருக்குத் தெரியும். யார் யார் சொல்கிறார்கள் என்பதும் தெரியும்.

கழித்த வாஷரின் விளிம்பில் அரத்தால் சாய்வாக ஒரு வெட்டுப் போடுவார். அதோடு விட்டாரா? கழிவுப் பெட்டியில் போட்டால் எவனாவது பொறுக்கி நல்லதோடு கலந்துவிடுவான் என்று சந்தேகம். அன்றன்று கழித்ததைச் சட்டைப்பையில் போட்டு வீட்டுக்கே கொண்டுவந்து, வாசலில் செருப்பு அலமாரி மேல் இருக்கும் தகரக் கிண்ணத்தில் கொட்டுவார். கொட்டும்போது ஒன்றிரண்டு கீழே உருளும். வீட்டிலும் இதே கூத்துதான். மனைவி போனில் சிரித்தால் யார் என்று கேட்பார். எடை போட்டு வாங்கிய காய்கறியை வீட்டில் மறுபடி எடை போடுவார். உலகத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய ஒரே ஜீவன் வாலுதான். குட்டைக் கால், பழுப்பு நிறம், கண்டதையெல்லாம் வாயில் போடும் நாய்.

ஒருநாள் காலை மாடிவீட்டு டீச்சர் அவரைப் படியில் நிறுத்தினாள்.

"சார், வாலுவுக்குக் கண்ணு மஞ்சளா இருக்கு. ரெண்டு நாளா நான் போடுற பிஸ்கட்டையும் தொடல."

அவர் மனதில் தைத்தது கடைசி வரிதான். நாய் குரைக்கிறது என்று போன மாதம் குறை சொன்னவள் இவள். இவளுக்கு எதற்கு பிஸ்கட் போடுகிற அக்கறை? வாலுவின் உதட்டை விலக்கிப் பார்த்தார். ஈறு மஞ்சள். காதுக்குள்ளும் மஞ்சள். சுவரோரம் பெய்திருந்த மூத்திரம் ஆரஞ்சு நிறத்தில் கிடந்தது.

"பிஸ்கட்டுல என்ன கலந்தீங்க?"

நாலு வீட்டுக் கதவு திறந்தது. டீச்சரின் முகம் சுண்டிப்போயிற்று. ஒன்றும் பேசாமல் மேலே போய்விட்டாள்.

"தப்பு பண்ணாதவ வாயைத் திறந்திருப்பாளே," என்றார் மனைவியிடம்.

"திறக்க எங்க விட்டீங்க?"

மருத்துவமனைக்கு நாயோடு, மிச்சம் கிடந்த பிஸ்கட் துண்டையும் பையில் கட்டி எடுத்துப் போனார். டாக்டரம்மா அதைத் தொடவே இல்லை.

"மஞ்சள் வெறும் அடையாளம்தான் சார். ரத்த அணு அளவுக்கு மீறி உடைஞ்சாலும் வரும், ஈரல் கெட்டாலும் வரும், பித்தம் போற வழி அடைச்சாலும் வரும். எதுன்னு தெரியாம மருந்து குடுக்க முடியாது."

ரத்தம் எடுத்து, மெல்லிய குழாயில் விட்டு, மெஷினில் சுற்றினாள். பாதிக்குப் பக்கமாக இருக்க வேண்டிய சிவப்பு, அடியில் கால் பங்குகூட இல்லை. மேலே நின்ற நீர் மஞ்சளாக இருந்தது.

"ரத்தம்தான் உடையுது. ஈரல் பரவாயில்ல. உண்ணிக் காய்ச்சலான்னு பாத்தேன், கிருமி எதுவும் தெரியல."

"அப்ப விஷம்தானே?" அவர் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டார்.

"எதையாவது முழுங்கியிருக்கான்னு எக்ஸ்ரே எடுப்போம்."

திரையில் வாலுவின் வயிறு தெரிந்தது. நடுவில் பளிச்சென்று ஒரு வெள்ளை வட்டம். வட்டத்துக்குள் ஓட்டை.

"வாஷர் மாதிரி இருக்கு. துத்தநாகம் பூசினதா இருந்தா வயித்து அமிலத்துல கரைஞ்சு ரத்தத்துல கலந்துரும். அணுவெல்லாம் உடையும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். வட்டத்தின் விளிம்பில் சாய்வாக ஒரு வெட்டு. அந்தச் சாய்வில் அரம் வைக்கிறவர் அந்தப் பட்டறையில் ஒருவர்தான்.

"இது எங்க கிடைச்சிருக்கும்?" என்றாள் டாக்டரம்மா.

"என் பையிலேர்ந்து," என்றார்.

மயக்கம் கொடுத்து, வாய்வழியே குழாய் விட்டு வாஷரை எடுத்தார்கள். ரத்தம் ஏற்றினார்கள். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் கையில் கிடைத்திருக்காது என்று டாக்டரம்மா சொன்னபோது அவர் அழுதுவிட்டார். டீச்சர் மட்டும் அன்றைக்குப் படியில் நிறுத்தியிருக்காவிட்டால் என்று நினைக்க நினைக்க அழுகை கூடியது.

நாலாம் நாள் வாலு வீட்டுக்கு வந்தது. தகரக் கிண்ணம் வாசலை விட்டுப் போயிற்று. ஆனால் மாத்திரையை அவர் கையிலிருந்து அது வாங்க மறுத்தது. வாயைப் பிடித்துத் திணித்தார், துப்பியது. பிஸ்கட்டில் வைத்தார், முகத்தைத் திருப்பியது. மனைவி மாடியைப் பார்த்தாள்.

மாத்திரை அட்டையோடு படியேறினார். பன்னிரண்டு படிதான், மூச்சு வாங்கியது. கதவைத் திறந்த டீச்சர் முதலில் கேட்டது, "வாலு எப்படி இருக்கு?"

"பொழச்சிருச்சு. விஷம் வெச்சது நான்தான் டீச்சர்." வாஷர் கதையை ஒன்று விடாமல் சொன்னார். "உங்கள நாலு பேர் முன்னாடி கேட்டேன். அந்த நாலு வீட்லயும் போய்ச் சொல்லிட்டுத்தான் வரேன்."

மாத்திரை அட்டையை நீட்டினார்.

"என் கையில மாத்திரை வாங்க மாட்டேங்குது. நீங்க பிஸ்கட்டுல வெச்சுக் குடுத்தா..."

அவள் அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அவரை.

"நான் குடுக்கும்போது பக்கத்துல நின்னு பாக்கறீங்களா?"

"இல்ல," என்றார். "நான் கீழ இருக்கேன். நாயை மேல அனுப்புறேன்."