கறுப்பையா அண்ணன் உங்களுக்குப் புள்ளடி போட்டதில்லை

கறுப்பையா அண்ணன் இன்று விடியப்புறம் போய்விட்டார். நெஞ்சுவலி என்று பாப்பாமோட்டையில் இருந்து மகன் போன் எடுத்துச் சொன்னான்...

அழக்கூட நேரம் தரவில்லை. அதற்குள் சனிக்கிழமைத் தேர்தலில் நிற்கிற ஒருத்தரின் பேஸ்புக் பக்கத்தில் அண்ணனின் போட்டோ. "எமது நீண்டகால ஆதரவாளர்" என்று எழுதி, கீழே கட்சிச் சின்னம் வேறு.

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. அதனால்தான் இந்தப் பதிவு.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மன்னாரில் ஒரு ஐஸ் கம்பனியில் நானும் அவரும் பதினொரு வருடம் ஒன்றாக வேலை செய்தோம். அவர் ஐஸ் கட்டி உடைக்கிறவர், நான் மீன் பெட்டிகளுக்கு ஐஸ் நிறைக்கிறவள்.

மலைநாட்டில் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அங்கே கலவரத்தில் அடித்துத் துரத்த, இங்கே வந்த குடும்பம். பிறந்த நாட்டிலேயே பிரஜை என்று ஒரு பேப்பர் அவர் கைக்கு வந்தபோது நாற்பதை நெருங்கிவிட்டார்.

அதற்குப் பிறகு, வோட்டுப் போட வழியிருந்த ஒரு தேர்தலையும் அவர் விட்டதில்லை. ஒருத்தருக்கும் போட்டதும் இல்லை.

ஓம். வரிசையில் நிற்பார், விரலை நீட்டி மை பூசுவிப்பார், சீட்டை வாங்குவார். எவருக்கு நேரேயும் புள்ளடி கீறாமல் மடித்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வருவார்.

நான் போகவே மாட்டேன். வோட்டுக் கேட்டு வந்த எவரும் வென்ற பிறகு எங்கள் உப்புக்குளம் ஒழுங்கைக்குள் கால் வைத்ததில்லை... அவர்களுக்காக நான் ஏன் வெயிலில் நிற்க வேண்டும்?

"ரெண்டும் ஒண்டுதானே அண்ணன். நீங்கள் பஸ் ஏறிப் போய்ச் செய்யிறதை நான் வீட்டில படுத்துக்கிடந்து செய்யிறன்" என்று ஒருநாள் நக்கலாகச் சொன்னேன்.

ஐஸ் உடைக்கிற கம்பியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எங்கப்பாவும் சாகுற வரைக்கும் வோட்டுப் போடல புள்ள. பிடிக்காம இல்ல, லிஸ்டுல பேரே இல்ல. நீ வீட்ல இருந்தா அவனுங்களுக்கு நீயும் எங்கப்பாவும் ஒண்ணுதான்."

அவர் விடவில்லை.

"வெறுஞ்சீட்டுன்னா அத அவனுங்க கையால விரிச்சுப் பாக்கணும். இவன் வந்திருக்கான், நம்ம ஒருத்தனையும் வேணாங்கிறான்னு எண்ணித்தான் ஆகணும்."

ரேடியோவில் முடிவு வாசிக்கும்போது நாங்கள் யார் வென்றது என்று கத்திக்கொண்டிருப்போம். அவர் "நிராகரிக்கப்பட்ட வாக்குகள்" வரும்வரை "உஸ்ஸ்... உஸ்ஸ்..." என்று எல்லாரையும் அடக்குவார்.

எண்ணிக்கையைச் சொன்னதும், "அதுல ஒண்ணு நாந்தான்" என்று நெஞ்சில் தட்டுவார். அந்தச் சிரிப்பு வென்றவனுக்கும் வராது.

ஒரு தேர்தலுக்கு முதலாளி வேன் பிடித்தார். தன்னுடைய ஆளுக்குப் போடுகிறவர்களுக்கு லீவு, வேன், மத்தியானச் சாப்பாட்டுப் பார்சல். "உனக்கு என்னத்துக்கு லீவு, வெறுஞ்சீட்டுப் போடவோ?" என்று எல்லாருக்கும் முன்னால் அண்ணனைக் கேட்டார்.

"ஓம் முதலாளி. வேனும் வேணாம், பார்சலும் வேணாம். லீவ மட்டும் குடுங்க."

அண்ணன் எப்போதும் "ஆமாங்க" என்கிற மனிதர். கோபம் வந்தால் மட்டும்தான் எங்களைப் போல "ஓம்" என்பார். லீவு கிடைத்தது.

அவர் உடைந்துபோனதையும் பார்த்திருக்கிறேன். ஒரு வருடம் வாக்காளர் இடாப்புக்கான படிவம் வீட்டுக்கு வந்தபோது, மகன் எல்லாருடைய பெயரையும் எழுதி அப்பாவின் பெயரை விட்டுவிட்டான்.

"நீங்கள் வெறுஞ்சீட்டுத்தானே போடுறியள் அப்பா, பேர் என்னத்துக்கு?" என்று கேட்டானாம்.

அண்ணன் இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. தேர்தல் கந்தோர் வாசலில் போய் இருந்துவிட்டார், பெயர் ஏறிய பிறகுதான் எழும்பினார்.

திரும்பி வந்து, "எங்கப்பா பேர கவர்மெண்டு வெட்டுச்சு. எம் பேர எம் மகனே வெட்டப் பாத்தான் புள்ள" என்றார். ஐஸ் உடைக்கவே இல்லை அன்று... கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

ஆகவே, வேட்பாளர் அவர்களே. இந்த மனிதர் உங்களுக்குப் புள்ளடி போட்டதில்லை, உங்களுக்கு முன்னால் இருந்தவருக்கும் போட்டதில்லை.

இத்தனை வருடம் அவர் வெறுமையாக வைத்திருந்த சீட்டில், சவம் எடுக்க முதலே நீங்கள் உங்கள் புள்ளடியைப் போடுகிறீர்கள். வெட்கமாக இல்லையா?

அந்தப் போட்டோவை எடுங்கள். உங்கள் பக்கத்தில் நான் போட்ட கொமென்டை அழித்துவிட்டீர்கள், இது என்னுடைய பக்கம்.

வாக்காளர் அட்டை போன கிழமையே வந்துவிட்டதாம். "அதைச் சட்டைப் பைக்குள்ள வச்சுக்கொண்டே திரிஞ்சவர் அக்கா" என்று மகன் போனில் அழுதான்.

அந்தப் பையிலேயே அதை வைத்து அனுப்பச் சொன்னேன். "ஓம் அக்கா, வச்சிட்டன்" என்றான்.

நாளைக்கு மூன்று மணிக்கு எடுக்கிறார்கள். சனிக்கிழமை நான் வோட்டுப் போடப் போகிறேன், பத்து வருடத்துக்குப் பிறகு... புள்ளடியா வெறுஞ்சீட்டா என்று ஒருத்தரும் கேட்க வேண்டாம்.

போயிட்டு வாங்கோ அண்ணன். ரேடியோவில் அந்த எண்ணிக்கை வரும்போது எல்லாரையும் நான் அடக்கி வைக்கிறேன்.